உபதலைவரின் பேட்டரி

குளிர்காலம் வந்துவிட்டால் தார்ச்சின் வீட்டில் உட்காரும் வரிசை மாறிவிடும். இரும்பு அடுப்பை ஒட்டிய முதல் இடம் பேட்டரிக்கு. அடுத்த இடம் எழுபத்தெட்டு வயதான இஷே பெரியப்பாவுக்கு. அதற்கடுத்தது தார்ச்சினுக்கு. கதவோரம், காற்று உள்ளே நுழைகிற இடம், அவர் மனைவி குன்செஸுக்கு. இப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஏழு குளிர்காலமாக அப்படியே நடந்து வந்தது.

லேயிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற மலைக்கிராமமான தெமிஸ்காமில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவருவது அதிசயம் இல்லை. வண்டி வைத்திருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியதும் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வெளியே வருவார்கள். மைனஸை முதலில் கழற்றுவார்கள், ப்ளஸை அப்புறம். பேட்டரியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிவந்து ஏதாவது ஒரு மூலையில் வைத்துவிட்டு, துக்பா சூப் குடித்துத் தூங்கிப் போவார்கள். தார்ச்சின் அப்படி விட்டுவிடுகிறவர் இல்லை. ஷாம் பகுதி டாக்ஸி ஓட்டுநர் சங்கத்தின் உபதலைவர் அவர். தலைவர் ஊரில் இல்லாதபோது அவர்தான் தலைவர். தலைவர் நான்கு வருடமாக டெல்லியில் மகன் வீட்டில் இருந்தார். அப்பேர்ப்பட்டவருடைய பேட்டரி மூலையில் கிடக்கலாமா? அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல், கம்பளி போர்த்தி உட்காரும். ராத்திரி அடுப்புக்குக் கடைசியாக வாதுமை விறகு போடும்போது உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல இருக்கும்.

"எனக்கும் அப்படி ஒரு தடவை தொட்டுப் பாருடா," என்பார் பெரியப்பா. "ஜில்லுன்னு இருந்தா சொல்லு, எழுந்து சாமி கும்பிட்டுக்கறேன்."

"உங்களுக்கு என்ன பெரியப்பா, நீங்க காலையில வண்டிய கிளப்பணுமா?"

"அதுவும் சரிதான். என்னைக் கழட்டி வெளிய வெச்சாலும் கேக்க ஆள் இல்ல."

பேட்டரியின் பக்கவாட்டில், அதை வாங்கிய லோசர் புத்தாண்டுப் பண்டிகையின் தேதியை வெள்ளைப் பெயின்டால் தார்ச்சினே எழுதியிருந்தார். வண்டியில் ஏறுகிறவர்களிடம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், பானெட்டைத் திறந்து காட்டுவார். கோயிலில் பூசாரி திரையை விலக்குவதுபோல இருக்கும் அது. மூன்றாம் வருடம் காட்டியபோது ஜனங்கள் தலையாட்டினார்கள். ஐந்தாம் வருடம் ஆச்சரியப்பட்டார்கள். ஏழாம் வருடம், செப்டம்பரில், கல்சேயில் நடந்த சங்கக் கூட்டத்தில் 'பராமரிப்பு' என்ற தலைப்பில் பேசும்படி அவரை அவரே கேட்டுக்கொண்டார்.

"கடைக்காரன் என்ன சொல்றான்? மூணு வருஷம், நாலு வருஷம், மாத்துங்கறான். அவன் விக்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். பேட்டரி தானா சாகிறதில்ல தோழர்களே, நாமதான் அதைக் குளிர்ல விட்டுச் சாகடிக்கிறோம். அடுப்புப் பக்கத்துல வையுங்க. தண்ணி குறைஞ்சா ஊத்துங்க. என்ன தண்ணி? சண்டிகர்லருந்து பாட்டில்ல அடைச்சு வருதே, அதுவா? எந்தக் குட்டையில மொண்டதோ யாருக்குத் தெரியும்! நம்ம ஓடைத் தண்ணி பனியிலருந்து நேரா இறங்குது. அதைவிட சுத்தமான தண்ணி உலகத்துல எங்க இருக்கு?"

நூற்றிருபது பேர் கை தட்டினார்கள். தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் கைதட்டல் கூடியது. சொந்த ஊர்த் தண்ணீரைப் புகழ்ந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பக்கத்து வீட்டு மோரூப்பும் தட்டினான். தட்டிவிட்டு அடுத்த வாரமே லேவுக்குப் போய்ப் புது பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தான். வெறும் நாலு வருஷப் பேட்டரியை மாற்றிவிட்டானே என்று தார்ச்சினுக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது.

அக்டோபரில் பிரேக் சரிபார்க்கப் போனபோது லேயில் மெஹ்தியின் கடையில் அந்தப் பேச்சு வந்தது. மெஹ்தி கார்கில்காரன், இருபது வருடப் பழக்கம். வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை வைத்துக்கொண்டே பேசுவான்.

"உபதலைவரே, அப்படியே பேட்டரியையும் ஒரு தடவை பாத்துடறேனே."

"பாரு, பாரு. இந்த மாதிரி ஒண்ணை நீ பாத்திருக்க மாட்டே."

மெஹ்தி கடிகாரம்போல முள் வைத்த ஒரு சோதனைக் கருவியின் கவ்விகளை இரண்டு முனையிலும் மாட்டி அழுத்தினான். முள் பச்சையில் கொஞ்ச நேரம் தயங்கிற்று. மஞ்சளைத் தாண்டி, சிவப்பில் போய்ப் படுத்துக்கொண்டது.

"படுத்துடுச்சு."

"உன் மிஷின் பழசு."

"போன மாசம் வாங்கினது."

"அப்ப சரியா வேலை கத்துக்கலை. காலையில சாவி போட்டதும் கிளம்புதப்பா!"

"கிளம்பும். ராத்திரி பூரா அடுப்புப் பக்கத்துல உக்கார வெச்சு எழுப்பினா எங்க தாத்தாகூடத்தான் போலோ ஆடுவார். கேக்கறதுக்குச் சொல்லுங்க. செல்ஃப் அடிக்கும்போது இழுக்குதா? அப்ப ஹெட்லைட் மங்குதா?"

"கொஞ்சம்."

"இங்க பாருங்க, பக்கம் உப்பியிருக்கு. டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருக்கு."

"அது உள்ள இருக்கிற சத்து வெளிய வருது."

மெஹ்தி வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தான். அதை எடுத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"அண்ணே, மூணு வருஷம் ஆனதும் வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி சோதிக்கணும். நாலு முடிஞ்சா மாத்திடணும். அஞ்சுக்கு மேல ஓடினா அது நம்ம கெட்டிக்காரத்தனம் இல்ல, அல்லா கண்ணை மூடிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இது ஏழு. இந்தக் குளிரைத் தாண்டாது. போகும்போது சொல்லிட்டும் போகாது."

சொல்லிவிட்டுப் புது பேட்டரி ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தும்விட்டான். தார்ச்சின் அதைப் பார்த்தார். கையில் பணம் இருந்தது. அந்தக் கோடையில் சுற்றுலாக்காரர்கள் நன்றாக வந்திருந்தார்கள். மெஹ்தி பொய் சொல்கிறவன் இல்லை என்பதும் தெரியும். ஆனால் நூற்றிருபது பேர் கை தட்டி இன்னும் மூன்று வாரம்கூட ஆகவில்லை. புது பேட்டரியோடு ஊருக்குள் போனால் மோரூப் எட்டிப் பார்ப்பான். ஒன்றும் சொல்ல மாட்டான், வெறுமனே பார்ப்பான்.

"வசந்தத்துல பாத்துக்கலாம்," என்று பானெட்டை மூடினார்.

*

ஜனவரி நடுவில் குன்செஸின் கைப்பேசிக்கு அந்தப் பட்டியல் வந்தது. ஊர் ஆரம்பப் பள்ளியில் பதினோரு வருடமாக அவள் தற்காலிக ஆசிரியை. வருடா வருடம் மார்ச்சில் ஒரு தாள் வரும், இன்னும் ஒரு வருடம் என்று. இந்த முறைதான் அந்தப் பள்ளிக்கு என்று நிரந்தரப் பணியிடம் ஒன்று போட்டு, பரீட்சையும் வைத்திருந்தார்கள். சாயங்காலங்களில் கதவோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு அந்த விரல்களால் பக்கம் புரட்டிப் படித்தவள். பட்டியலில் அவள் எண் முதலில் இருந்தது. இருபத்திரண்டாம் தேதி காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் லே அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராதவர் இடம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குப் போகும். மறுபடி ஒரு பரீட்சை எழுத அவளுக்கு வயது இல்லை. மார்ச்சில் வரம்பைத் தாண்டிவிடுவாள். நிரந்தர ஆள் வந்தபின் தற்காலிக ஆளுக்குத் தாளும் வராது.

"முதல் நாளே போயிடறேனே," என்றாள். மாவைப் பிசைந்து ஸ்க்யூ குழம்புக்குக் கட்டை விரலால் குழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "சித்தி பொண்ணு வீடு லேயிலதானே இருக்கு. ஒரு ராத்திரி தங்கிக்கறேன்."

"எதுக்கு? நம்ம வண்டி என்னத்துக்கு இருக்கு?"

"இல்லேன்னா மோரூப் அன்னிக்குக் காலையில ஆறரைக்குப் போறானாம். ஏர்போர்ட் சவாரி. முன்சீட் காலிங்கறான்."

தார்ச்சின் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"குன்செஸ், நான் யாரு?"

"தெரியும்."

"சொல்லு, யாரு?"

"உபதலைவர்."

"உபதலைவர் பொண்டாட்டி வேலையில சேரப் போறா. எப்படிப் போறா? சங்கத்து உறுப்பினர் ஒருத்தன் வண்டியில, ஓசி சீட்ல ஒண்டிக்கிட்டுப் போறா. ஊர் சிரிக்காது?"

"ஊர் எதுக்குச் சிரிக்கும்? ஊருக்குக் குளுருது, அதது வீட்டுக்குள்ள இருக்கு," என்றார் பெரியப்பா.

"நீங்க சும்மா இருங்க பெரியப்பா. நம்ம வண்டியில, கேட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்குவேன். நீ இறங்கும்போது நாலு பேர் பாக்கணும்."

"நாலு பேர் பாக்க வேண்டாம். கிளார்க் ஒருத்தர் பாத்தாப் போதும்," என்றாள் குன்செஸ். "அஞ்சு நாளா வண்டி எடுக்கலை. போன தடவை மூணு தரம் சாவி போட்டீங்க. நான் எண்ணினேன்."

"அது டீசல் கெட்டியாயிருந்தது."

"சரி, டீசல்தான்."

அவள் 'சரி' என்றால் விவாதம் முடிந்தது என்று அவர் எடுத்துக்கொள்வார். இருபது வருடமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

இருபத்தொன்றாம் தேதி சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மேகம் இல்லாத ராத்திரிதான் ஆளைக் கொல்லும். ஓடை சத்தம் நின்றுபோய், தெருவில் வழிந்த தண்ணீர் கண்ணாடியாகிக் கிடந்தது. தார்ச்சின் அன்றைக்கு ஒரு விசேஷ ஏற்பாடு செய்தார். பேட்டரியின் மூடிகளைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் குறைந்திருந்தது. ஐஸ் உடைத்து ஓடைத் தண்ணீர் மொண்டுவந்து, இளஞ்சூடாக்கி, ஆறு கண்ணிலும் விளிம்பு வரை ஊற்றினார். அப்புறம் பலகையோடு இழுத்து, இரும்பில் படும் அளவுக்கு அடுப்பை ஒட்டி வைத்தார். வீட்டிலிருந்த கனத்த கம்பளியை எடுத்துப் போர்த்தினார்.

"தொட்டா சுடுது," என்றாள் குன்செஸ்.

"சுடட்டும். நாளைக்கு நீ பாக்கத்தானே போறே."

அவள் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

*

காலை ஐந்தரைக்கே எழுந்து, தகரத் தட்டில் கங்கு அள்ளி எஞ்சினுக்கு அடியில் வைத்தார் தார்ச்சின். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறட்டும், ஏழு மணிக்குக் கிளம்பினால் பத்துக்கு முன் லே. ஆறரைக்கு மோரூப்பின் வண்டி சந்தில் உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கினான். தாடியில் மூச்சு உறைந்திருக்க, வணக்கம் சொன்னான்.

"ஜூலே அக்கா. முன்சீட் காலிதான். வர்றீங்களா?"

குன்செஸ் புதுக் கோன்ச்சா அங்கியை உடுத்தி, உறையை மார்போடு பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். தார்ச்சினைப் பார்த்தாள்.

"நீ போ தம்பி," என்று கையை வீசினார் தார்ச்சின். "வழியில பாஸ்கோ வர்றதுக்குள்ள உன்னை முந்திடுவோம்."

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள், கணவர் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "பேட்டரிய மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. கிளம்பிட்டா அவனை அனுப்பிடலாம். அஞ்சு நிமிஷம்தானே, நிப்பான்."

நியாயமான பேச்சு. அது நியாயமாக இருந்ததுதான் அவரைச் சுட்டது. மோரூப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவன் கண்ணெதிரே, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி சாவியைத் திருப்புவதா?

"அவனுக்கு ஃப்ளைட் சவாரி. நேரமாகுது பாவம்," என்றார் சத்தமாக. "நீ போப்பா, போ!"

மோரூப் போனான். சிவப்பு விளக்கு இரண்டும் சந்து முனையில் திரும்பும் வரை குன்செஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தார்ச்சின் பேட்டரியைக் கொண்டுவந்து பொருத்தினார். ப்ளஸ், மைனஸ். இறுக்கினார். கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். 'ஓம்' என்று ஒரு தரம் முணுமுணுத்துச் சாவியைத் திருப்பினார்.

டக்.

அவ்வளவுதான். முன்பலகையில் விளக்குகள் ஒரு முறை எரிந்து, மஞ்சளாகி, மங்கின.

டக்.

இறங்கிப்போய் முனைகளைத் தட்டினார், மறுபடி இறுக்கினார். மறுபடி டக். பக்கவாட்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக ஒரு வீக்கம் வந்து, அவர் எழுதிய வெள்ளைத் தேதி விரிசல் விட்டிருந்தது. மூடி ஓரத்தில் தண்ணீர் கசிந்து இரும்பில் நுரைத்தது.

"கொஞ்சம் தள்ளினா எடுத்துக்கும்," என்றார், யாரும் கேட்காமலே.

ஏழு பேர் வந்தார்கள். தள்ளினார்கள். சந்து முழுக்க ஐஸ். வண்டி உருண்டதைவிட ஆட்கள் உருண்டது அதிகம். கியரில் விட்டபோது சக்கரம் சுற்றாமலே வழுக்கிக்கொண்டு போய் வாதுமை மரத்தில் சாய்ந்து நின்றது. எஞ்சினைச் சூடாக்கவே கரண்ட் வேண்டும். இல்லாத கரண்டைத் தள்ளி வரவழைக்க முடியாது. இது டாக்ஸி ஓட்டுகிற யாருக்கும் தெரியும். உபதலைவருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று தரம் தள்ளச் சொன்னார்.

மோரூப்புக்குப் போன் போட்டார். அவன் சிந்துப் பள்ளத்தாக்கில் எங்கேயோ சிக்னல் இல்லாத இடத்தில் போய்க்கொண்டிருந்தான். ஊரில் மற்ற வண்டிகள் எல்லாம் குளிருக்குச் சக்கரம் கழற்றிக் கல் மேல் நின்றன.

"டிராக்டர் பேட்டரி மேல்தெருவுல இருக்கே," என்றார் பெரியப்பா. கம்பளியோடு அவரும் வெளியே வந்து நின்றிருந்தார். அந்தக் குளிரில் அவர் வெளியே வந்து வருடங்கள் ஆயிருந்தன.

மேல்தெரு என்றால் அரைமணி நேர ஏற்றம். தார்ச்சினும் இன்னொருவரும் ஏறினார்கள். டிராக்டர் பேட்டரியைக் கயிறு கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, ஐஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். வயர் இல்லை. இத்தனை வருடத்தில் அடுத்தவனிடம் கரண்ட் வாங்க வேண்டிய அவசியம் தனக்கு வராது என்று அவர் வயரே வாங்கி வைத்ததில்லை. வெல்டிங் வேலை செய்கிற ஒருவரை எழுப்பி அவருடைய வயரை வெட்டி இணைத்தார்கள். வண்டி இருமி, புகை கக்கி, கிளம்பியபோது மணி ஒன்பதே முக்கால். ஏழு பேரில் இரண்டு பேர் கை தட்டினார்கள். தார்ச்சின் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் குன்செஸ் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்று பெரியப்பா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார்.

*

வழி முழுக்கத் தார்ச்சின் பேசினார்.

"ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. குளிர்காலம், அவங்களுக்குத் தெரியாதா? சங்கத்துல லெட்டர் தரேன்."

சஸ்போல் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல், சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினார். 'தவிர்க்க முடியாத இயந்திரக் கோளாறு காரணமாக' என்று தொடங்கி, சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற ரப்பர் முத்திரையை வாயால் ஊதி ஊதிக் குத்தினார். மை உறைந்திருந்தது. பாதி முத்திரைதான் விழுந்தது. அதை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கி மடித்தாள்.

"நேத்தே போயிருக்கலாம்னு நினைக்கிறே," என்றார் நீமு பாலம் வந்தபோது.

"நான் ஒண்ணும் நினைக்கலை. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அலுவலக வாசலில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டே கால். எஞ்சினை அணைக்க முடியாது. அணைத்தால் மறுபடி கிளம்பாது. அதனால் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருக்க, குன்செஸ் தனியாக உள்ளே போனாள். சொன்னபடியே கேட்டு வாசலில்தான் இறக்கியிருந்தார். பார்ப்பதற்கு ஒரு நாயும் ஒரு காவல்காரனும் இருந்தார்கள்.

இருபது நிமிடம் ஆயிற்று. இந்நேரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒரு மனது சொல்லிற்று. அந்த மனதைத்தான் அவர் நாற்பத்தாறு வருடமாகக் கேட்டுவந்தார்.

அவள் வெளியே வந்தபோது கூட ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கணவாய்க்கு அப்பாலுள்ள நூப்ரா பக்கத்து மூக்கு, அழுது வீங்கிய கண், சிரிப்பு. குன்செஸின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஜூலே! லட்டு எடுத்துக்கங்க!" என்று கண்ணாடி வழியாகப் பெட்டியை நீட்டினாள். "எனக்கு வேலை கிடைச்சுடுச்சு! நான் வெயிட்டிங் லிஸ்ட் அண்ணே. கர்துங் கணவாயை எப்ப மூடுவாங்களோன்னு பயந்து மூணு நாள் முன்னாடியே வந்து கிடந்தேன். வெயிட்டிங் லிஸ்ட்டு நீ எதுக்குடி போறேன்னு வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. பதினோரு மணிக்கு அந்த நம்பரை மூணு தரம் கூப்பிட்டாங்க. ஆளே வரலை!"

தார்ச்சின் கையில் லட்டு இருந்தது.

"எந்தப் பள்ளிக்கூடம் தெரியுமா? தெமிஸ்காமாம். அக்காவும் அந்த ஊர்தானாம், இங்க ஏதோ வேலையா வந்தாங்களாம்! பாருங்களேன், என் அதிர்ஷ்டத்தை. அங்க ரொம்பக் குளுருமா அண்ணே? தங்க எடம் கிடைக்குமா?"

"எங்க வீட்ல ஒரு ரூம் இருக்கு," என்றாள் குன்செஸ். "பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. பதினெட்டு பேர். கடைசி வரிசையில ஒருத்தன் பேச மாட்டான், அதட்டாதே, தானா பேசுவான். நாள் சொல்லு, இவரே வந்து கூட்டிட்டுப் போவார்."

"உன் பேர் என்னம்மா?" என்றார் தார்ச்சின்.

"ஜிக்மெட்."

"நல்ல பேரு," என்றார்.

மெஹ்தியின் கடையில் நிறுத்தியதும் எஞ்சின் அணைந்துபோயிற்று. மெஹ்தி பழைய பேட்டரியைத் தூக்கி, மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"என்ன ஊத்தினீங்க?"

"ஓடைத் தண்ணி."

"மலையே கரைஞ்சு வர்ற தண்ணிய இதுல ஊத்தினீங்களா? தட்டெல்லாம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. எங்க வெச்சீங்க?"

"அடுப்புகிட்ட."

"எவ்வளவு கிட்ட?"

தார்ச்சின் விரலால் காட்டினார். மெஹ்தி ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தான்.

"அண்ணே, குளிர் பேட்டரிய கொல்றதில்ல. சூடுதான் கொல்லும். குளிர் வந்து, செத்துட்டுதுன்னு ஊருக்குச் சொல்லும், அவ்வளவுதான். நீங்க அதை ஏழு வருஷமா அவிச்சிருக்கீங்க." பின்சீட்டில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குன்செஸைப் பார்த்தான். புது பேட்டரியை எடுத்து மாட்டினான். சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பிற்று.

திரும்பும் வழியில், சஸ்போலில் குன்செஸ் கண்ணாடியை இறக்கி, மடித்து வைத்திருந்த சங்கக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் காற்றில் விட்டாள். அவர் பார்க்காததுபோல இருந்தார்.

"நீ ஏன் அவகிட்ட சொல்லலை?" என்று நுர்லா வந்தபோது கேட்டார்.

"என்னன்னு சொல்றது? நீ சிரிக்காதே, அது என் வேலைன்னா? அவ சரியான நேரத்துக்கு வந்தா. நான் வரலை."

'நாம் வரவில்லை' என்று சொல்லியிருக்கலாம். 'நீங்கள் கொண்டுவரவில்லை' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குத் தயாராகப் பதில் ஒன்று வைத்திருந்தார். பதில் அப்படியே தங்கிவிட்டது.

*

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஜிக்மெட்டை அழைத்துவர அவரே போனார். போக வேண்டாம், மோரூப் கூட்டிவருவான் என்று அவர் சொல்லிப் பார்க்கத்தான் செய்தார். குன்செஸ் கேட்கவில்லை. "நாள் சொல்லிட்டேன்," என்றாள். அறையைப் பெருக்கி, தன் படுக்கைவிரிப்பில் நல்லதாக ஒன்றைப் போட்டு, பாடப்புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஜிக்மெட் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு மூட்டையோடும் வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசினாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்குவது, பிள்ளைகளுக்கு என்ன பாட்டுச் சொல்லிக்கொடுப்பது. தார்ச்சின் உம் கொட்டினார். அந்த வண்டியில் அவர் உம் கொட்டி யாரும் கேட்டதில்லை.

"அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அந்த முதல் நம்பர், வராம போனவங்க, உங்க பக்கத்து ஆளுதானாமே? ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. ஏன் வரலையாம்?"

ரோடு ஆற்றை ஒட்டி வளைந்தது. ஆற்றின் நடுவில் ஐஸ் விரிசல் விட்டிருந்தது.

"வண்டி கிடைக்கலையாம்," என்றார் தார்ச்சின்.

"அய்யோ பாவம்." ஜிக்மெட் மூட்டையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களே கொண்டாந்து விட்டிருப்பீங்க, இல்லண்ணே?"

நுர்லா திருப்பம் வந்தது. அவர் கியரை மாற்றினார்.